மாஸ்டரம்மாவின் மூச்சு

கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் யாரும் அந்த வீட்டுக்கு வழி கேட்டதில்லை. தெருமுனையில் நின்று காதைக் கொடுத்தால் போதும். "கிளட்ச விடாத. விடாதன்னா விடாத. ம், இப்ப விடு" என்று ஒரு குரல் நாலு வீடு தாண்டி வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை எல்லோரும் மாஸ்டரம்மா என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுடைய லைசென்ஸில் மட்டும் இருந்தது.

பழகுகிறவர்களுக்கான வண்டி என்பதால் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதைக் காலால் மிதிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பாள். வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுவாள். அவள் "நிறுத்து" என்றால் பக்கத்தில் போகிற வண்டிகளும் ஒரு கணம் தயங்கும் என்று வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொல்வார்.

போன வருஷம் அவள் மார்பில் ஒரு கட்டி வந்து, அது புற்றுநோய் என்று தெரிந்தபோதும் அந்தக் குரல் இறங்கவில்லை. ஆபரேஷன் ஆனது. கீமோ ஆரம்பமானது. முடி கொட்டியதும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தாள். மருந்து ஏற்றிய வாரம் சுருண்டு கிடப்பாள். எழுந்திருக்க முடிந்த அன்றே வேலைக்கு வந்துவிடுவாள். "வீட்ல உட்கார்ந்தா சுவரைத்தான் திட்டணும். சுவர் பதிலுக்கு ஒண்ணும் சொல்லாது, போர் அடிக்கும்" என்பாள். பார்க்கிறவர்களும் மெல்ல அதற்குப் பழகிப் போனார்கள்.

அப்புறம்தான் இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் பாதியில் மூச்சு வாங்கியது. யாராவது பின்னால் வந்தால் நின்று போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்வாள். நீட்டி முழக்கிச் சொன்ன கட்டளைகள் எல்லாம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கின. பழக வந்தவர்கள் மாஸ்டரம்மாவுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள்.

டாக்டரிடம் அவள் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒருத்தி, தனக்குத் தெரிந்த யாரோ ஒருவரைப் பற்றி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தாள். "நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சாம். அப்புறம் அவ்வளவுதான்" என்று சொல்லிக் கையை விரித்துக் காட்டினாள். அந்த விரித்த கை மாஸ்டரம்மாவின் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தக் கைதான் கண்முன் வந்தது. வாயைத் திறந்து சொன்னால் உடனே அது உண்மையாகிவிடும். சொல்லாதவரை வெறும் இருமல் என்று அவள் தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

படுப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. மல்லாந்து படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். தலையணைக்கு மேல் தலையணை அடுக்கிப் பார்த்தாள், கழுத்துதான் பிடித்துக்கொண்டது. கடைசியில் வாசலில் நின்ற பழக்குவண்டியின் இருக்கையைப் பாதி சாய்த்து அதில் படுத்துப் பார்த்தாள். மூச்சு ஓரளவு வந்தது. அதன்பிறகு அதுவே படுக்கை அறை ஆனது.

ஒரு நாள் விடிந்ததும் வீட்டுக்காரர் காபித் தம்ளரோடு வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவர் தையல் மெஷின் விற்கிற கடையில் வேலை செய்பவர். அமைதியான மனிதர், சண்டை என்றால் முதலில் சமாதானத்துக்கு ஓடுபவர்.

"என்மேல கோபம்னா நேரா சொல்லு. அதுக்காக தினமும் வண்டியில வந்து படுக்கறதா? பக்கத்து வீட்ல என்ன நினைப்பாங்க?"

அவளுக்கு அது நல்லதாகப் போயிற்று. கோபம் என்றே இருக்கட்டும் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள்.

"சரி, தப்புதான்" என்றார் அவர். "தங்கச்சிகிட்ட உன் உடம்பைப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாது. போன்ல எப்படி இருக்கீங்கன்னு கேட்டா. வாய் தவறி வந்துடுச்சு."

இப்போது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அவளுக்கும் நாத்தனாருக்கும் பல வருஷமாக நேர்ப்பேச்சு இல்லை. நாத்தனார் டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருப்பவள். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு "வருந்துகிறோம், வருந்துகிறோம்" என்று தேனாகப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நாக்கில் மிளகாய் வைத்துக்கொள்பவள். ஒரு காலத்தில் அவளுக்கும் மாஸ்டரம்மா வண்டி பழக்கினாள். ஒரு நாள் நடுத்தெருவில், "உனக்கு இந்த ஜென்மத்துல வண்டி வராது, இறங்கு" என்று இறக்கிவிட்டாள். இறங்கிப் போனவள்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்கள். அப்படிப்பட்டவள் முன்னால் மொட்டைத் தலையோடு போய் நிற்பதா என்றுதான் இத்தனை நாள் நோய் விஷயத்தை அவள் காதுக்கு எட்டாமல் வைத்திருந்தாள்.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு" என்று ஆரம்பித்தாள். மிச்சம் இருமலில் போய்விட்டது.

அன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மாள் பழக வந்தாள். ஆயுசு முழுக்க அடுத்தவர்களை "உஷ்" என்று அடக்கி அடக்கி, தன் பேச்சும் கிசுகிசுப்பாகிப் போனவள். மாஸ்டரம்மா அவளுக்கு உஷ் அம்மா என்றே பெயர் வைத்திருந்தாள். எதிரில் யார் வந்தாலும் ஹார்ன் அடிக்கமாட்டாள். கேட்டால், "பாவம், அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமே" என்பாள். பெரிய சாலை என்றால் அவளுக்குப் பயம். அதனால் இதுவரை குடியிருப்புத் தெருக்களைச் சுற்றிச் சுற்றியே பழகிக்கொண்டிருந்தாள்.

வட்டச் சந்திப்பு ஒன்றை நெருங்கும்போது பக்கவாட்டில் ஒரு லாரி வந்தது. உஷ் அம்மா அதைப் பார்க்கவில்லை. மாஸ்டரம்மா "நிறுத்து" என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சத்தம் வர உள்ளே காற்று இல்லை. கால் தானாகப் போய்த் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. லாரி உறுமிக்கொண்டு மூக்கைத் தொடுகிற தூரத்தில் கடந்து போனது.

"மாஸ்டரம்மா, தப்பு பண்ணிட்டேனா?" என்று கிசுகிசுத்த உஷ் அம்மா, திரும்பிப் பார்த்ததும் அப்படியே அடங்கிப்போனாள். மாஸ்டரம்மாவின் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. உதடு வெளுத்திருந்தது. கரையில் போட்ட மீன்போல வாய் திறந்து மூடியது.

"ஆஸ்பத்திரியா?"

ஆமாம் என்று மாஸ்டரம்மா தலையை ஆட்டினாள்.

ஆஸ்பத்திரி பெரிய சாலையில்தான் இருந்தது. உஷ் அம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். உதவிக்கு யாராவது நிற்பார்களா என்று தேடினாள். எல்லா வண்டிகளும் போய்க்கொண்டே இருந்தன. புடவைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். மாஸ்டரம்மா பேச்சுக்குப் பதில் விரலைக் காட்டினாள். ஒரு விரல் என்றால் முதல் கியர், இரண்டு விரல் என்றால் இரண்டாவது. மூன்றாவது விரல் நீண்டபோது, "அதெல்லாம் வேண்டாம், இதுலயே போயிடலாம்" என்று சொல்லிவிட்டாள் உஷ் அம்மா. அந்த இரண்டாவது கியரிலேயே, வண்டி கதறக் கதற, ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் பெரிய சாலை முழுவதையும் கடந்தாள். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

அவசரப் பிரிவின் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியதும் காவலாளி கத்திக்கொண்டே வந்தார்.

"அப்புறம் திட்டுங்க" என்றாள் உஷ் அம்மா. வாசலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற குரல். "முதல்ல சக்கர நாற்காலி கொண்டு வாங்க."

மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் டாக்டர் நடுத்தர வயசுப் பெண். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள். இடது பக்கம் நுரையீரல் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரிந்தது. வலது பக்கத்தில் பாதிக்கு மேல் ஒரே வெள்ளை.

"நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவுல நீர் கோத்திருக்கு. நுரையீரல் விரிய இடம் இல்லாம அமுங்கிப் போயிருக்கு. எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

"ரெண்டு மூணு நாளா" என்றாள் மாஸ்டரம்மா, சொல்லுக்குச் சொல் நிறுத்தி.

அதற்குள் கடையிலிருந்து ஓடிவந்திருந்த வீட்டுக்காரர், "இவ வண்டியில போய்ப் படுக்க ஆரம்பிச்சே அதுக்கு மேல ஆச்சு டாக்டர்" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னதன் அர்த்தம் அவருக்கே புரிந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். "அப்ப, கோபம் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. பல நாளாகச் செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்.

கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, முன்னால் ஒரு மேஜையும் அதன்மேல் தலையணையும் போட்டு, அதில் கவிழ்ந்துகொள்ளச் சொன்னார்கள். முதுகில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தார்கள். மரத்துப்போகிற ஊசி சுருக்கென்று குத்தியது. பிறகு ஏதோ அழுத்துகிற மாதிரி மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் தையல் மெஷின் ஊசியைத் தவிர வேறு ஊசியைப் பார்க்கத் தாங்காதவர். அதற்கு முன்பே வராந்தாவுக்குப் போய்விட்டார்.

குழாய் வழியாகப் பால் கலக்காத தேநீர் நிறத்தில் நீர் இறங்க ஆரம்பித்தது. மாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இதோ முடிந்தது என்று முதலில் நினைத்தாள். பிறகு எண்ணம் மெல்ல நின்றது. தோள்கள் தாமாக இறங்கின. மூக்கு வழியாகப் போன காற்று தொண்டையோடு திரும்பாமல் கீழே போனது, இன்னும் கீழே போனது. பூட்டிக் கிடந்த அறையின் ஜன்னலை யாரோ ஒவ்வொன்றாகத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. உடனே இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பயப்படாதீங்க. அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரியுது. அதான் இருமல்" என்றாள் டாக்டர். ஒன்றரை லிட்டர் இறங்கியதும் நிறுத்திவிட்டாள். "இன்னும் இருக்கு. ஒரேயடியா எடுத்தா நுரையீரலுக்கு ஆகாது."

"இவ்வளவு தண்ணியையும் சுமந்துக்கிட்டா நான் வண்டி பழக்கினேன்?" என்று கேட்டாள் மாஸ்டரம்மா. இடையில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டோம் என்பது பேசி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வராந்தாவில் இருந்த வீட்டுக்காரருக்கும் அது கேட்டது. கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

டாக்டர் கிளம்பும்போது மாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நெஞ்சுல தண்ணி கோத்தா அவ்வளவுதானாமே. நிஜமா?"

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்ககிட்ட மறைக்கமாட்டேன். இந்த நீரை சோதனைக்கு அனுப்பறோம். அதுல புற்றுநோய் செல் இருந்தா, நோய் அங்க வரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம். மருந்தை மாத்திப் பார்ப்போம். முழுசா போயிடும்னு வாக்குக் கொடுக்க முடியாது, அடக்கி வைக்கப் பார்ப்போம். ஆனா மூச்சு முட்டறது தனி விஷயம். அதுக்கு வழி இருக்கு. நீர் திரும்ப வந்தா திரும்ப எடுக்கலாம். நீங்க வாயைத் திறந்து சொன்னாப் போதும்."

"வாயைத் திறக்கறதுதான் இவளுக்குத் தொழிலே" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு முதல் தடவையாக மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் பையும் கையுமாக நாத்தனார் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வழக்கம்போல அவர் மூலமாகப் பேசலாம் என்று. அவர் தண்ணீர் பிடித்துவரப் போகிறேன் என்று வெளியே நழுவிவிட்டார்.

"லீவு போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள் நாத்தனார். "பாக்க வந்தேன்னு நினைக்காதீங்க. அண்ணா போன்ல அழறாரு, என் வேலை கெடுது."

"உட்காரு" என்றாள் மாஸ்டரம்மா.

சோதனை முடிவு வந்தது. நீரில் புற்றுநோய் செல் இருந்தது. மருந்தை மாற்றினார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை அன்றைக்கே போன் செய்தாள். ஒவ்வொரு முறையும் ஊசி குத்துவதற்குப் பதில், தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிட்டால் வீட்டிலேயே நீரை இறக்கிக்கொள்ளலாம் என்றாள் டாக்டர். குழாயின் முனையில் ஒரு மூடி. மூடியைக் கழற்றி, காற்றை உறிஞ்சியெடுத்த பாட்டிலோடு இணைத்தால் நீர் தானாக வந்துவிடும். வீட்டில் யாராவது ஒருவர் கற்றுக்கொள்ளவேண்டும்.

குழாய் வைத்த அன்று வீட்டுக்காரர்தான் முதலில் முன்வந்தார். கையைக் கழுவினார், கையுறை போட்டுக்கொண்டார், நர்ஸ் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார். பாட்டிலில் முதல் சொட்டு விழுந்ததும் சுவரோடு சுவராகச் சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஒரு நோயாளிக்கு இரண்டு நோயாளியைப் பார்க்கவேண்டியதாயிற்று.

"நகருங்க அண்ணா" என்றாள் நாத்தனார். "எனக்குச் சொல்லிக்கொடுங்க சிஸ்டர்."

"இவளுக்கா?" என்றாள் மாஸ்டரம்மா. "இவளுக்குக் கை ஒரு பக்கம் போனா கால் இன்னொரு பக்கம் போகும்."

"இதுல கிளட்ச் இல்ல அண்ணி."

வீட்டில் முதல் தடவை நீர் எடுத்த அன்று வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் மேஜையைத் துடைத்து, துணியை விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது; நர்ஸ் சொன்னதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரம்மா பேசாமல் இருந்தாள். பிறத்தியார் கையில் வண்டி இருக்கும்போது, பேச மூச்சு இருந்தும் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மூடி கழன்றது. குழாய் பாட்டிலோடு சேர்ந்தது. நாத்தனார் கிளிப்பைத் திறந்தாள்.

"வலி ஏதேனும் இருப்பின் தயவுசெய்து தெரிவிக்கவும்" என்றாள், டெலிபோன் கம்பெனிக் குரலில்.

மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்து, விலாவில் சுரீர் என்றது. "சிரிக்க வைக்காத. இழுக்குது."

நாத்தனார் உடனே கிளிப்பை மூடினாள். முகம் வெளிறிவிட்டது. வலி அடங்கும்வரை காத்திருந்து மறுபடி மெதுவாகத் திறந்தாள். பாட்டிலில் நீர் சத்தமில்லாமல் ஏறியது.

"அன்னிக்கு நடுரோட்டுல இறங்குன்னு சொன்னீங்களே" என்றாள், பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "பஸ்ஸுல அழுதுகிட்டே போனேன் தெரியுமா?"

"சைக்கிள்ல வந்த ஆளை இடிக்கப் பாத்த."

"இடிக்கல."

"பிரேக் போட்டது யாரு?"

"நீங்கதான். அதுக்காக அவ்வளவு சத்தமாவா சொல்லணும்? கறிகாய்க்காரர்கூட திரும்பிப் பார்த்தாரு."

"என் குரலே அப்படித்தான்னு உனக்குத் தெரியாதா?"

நாத்தனார் கிளிப்பை மூடி, குழாயைப் பிரித்து, புது மூடியைப் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டினாள். கட்டு ஒரு மடிப்பு இல்லாமல் அமைந்திருந்தது. மாஸ்டரம்மா தடவிப் பார்த்தாள்.

"பரவாயில்ல" என்றாள். அவளிடம் பழகியவர்களுக்குத் தெரியும், அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று.

தேவைப்பட்டால் வீட்டுக்கே வந்து நீரை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்த ஆஸ்பத்திரி நர்ஸை அவர்கள் கூப்பிடவே இல்லை. நாத்தனார் அண்ணன் வீட்டிலேயே தங்கி, வேலையையும் அங்கிருந்தே பார்க்க ஏற்பாடு செய்துகொண்டாள். உள் அறையிலிருந்து "வருந்துகிறோம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாட்டில் வரும். இரண்டு பேரும் சோறு வேகவில்லை என்பதற்கும் ஜன்னலைச் சாத்தவேண்டுமா என்பதற்கும் சண்டை போட்டார்கள். வீட்டுக்காரருக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. தன் வழியாகப் போகாமல் சண்டை நேராக நடந்தது.

புது மருந்து வேலை செய்ய ஆரம்பித்தது. பாட்டில் நிறைய வந்த நீர் பாதியாயிற்று, பிறகு அடியை மட்டும் நனைத்தது. ஒரு நாள் சொட்டுக்கூட வரவில்லை. குழாய் அடைத்துக்கொண்டதோ என்று நாத்தனார் பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தாள். வரச் சொன்னார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "அடைப்பு இல்ல. நுரையீரல் விரிஞ்சு நெஞ்சுச் சுவரோட ஒட்டிக்கிச்சு. இனிமே நீர் சேர அங்க இடமே இல்ல" என்றாள். "நோய் இருக்கு. ஆனா மருந்துக்கு அடங்கி இருக்கு. குழாயை எடுத்துடலாம்."

மரத்துப்போகும் ஊசி போட்டு, லேசாக இழுத்து, குழாயை எடுத்து ஒரு தையல் போட்டார்கள். பக்கத்தில் நின்ற நாத்தனார் அந்தக் குழாயைப் பெற்ற பிள்ளையை அனுப்பி வைக்கிற மாதிரி பார்த்தாள்.

"மறுபடி மூச்சு வாங்கினா?" என்று கேட்டாள் டாக்டர்.

"அன்னிக்கே போன்" என்றாள் மாஸ்டரம்மா.

வெளியே வந்தார்கள். வாடகைக் கார் நிற்குமிடம் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மேட்டின்மேல் இருந்தது. சரிவுப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள்.

"ஞாயித்துக்கிழமை கிளம்பறேன் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"எங்க?"

"என் வீட்டுக்கு. குழாய்தான் போயிடுச்சே. நான் எதுக்கு?"

"குழாய்க்காகத்தான் இருந்தியா?"

"பின்ன? உங்க சமையலுக்காகவா?"

"என் சமையலுக்கு என்ன? ரெண்டு சுத்து பெருத்திருக்க. வந்தப்ப போட்டுக்கிட்ட ரவிக்கை இப்ப ஏறுதா? அடுத்த ஸ்கேன் வரைக்கும் இரு. அவருக்கு ஸ்கேன் படத்தைப் பாத்தாலே கண்ணு இருட்டும். யாரு என்கூட வருவா? வேலையை இங்கிருந்துதான பாக்கற, அங்க போய் என்ன பண்ணப்போற? அந்த உள் அறை உனக்குத்தான், சும்மா பூட்டி வைக்கவா?" என்று மாஸ்டரம்மா ஏறிக்கொண்டே பேசினாள். எதிரில் இறங்கி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாத்தனார் இடையில் ஏதோ சொல்லப் பார்த்தாள், இடம் கிடைக்கவில்லை. மேட்டின் முக்கால் பாகம் ஏறியிருப்பார்கள்.

"அண்ணி, கொஞ்சம் நில்லுங்க" என்று நாத்தனார் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மூச்சு வாங்குது."

மாஸ்டரம்மா நின்றாள். திரும்பித் தான் ஏறி வந்த பாதையைப் பார்த்தாள். கீழே ஆஸ்பத்திரியின் வாசலும் அதற்கு வெளியே வண்டிகளும் சின்னதாகத் தெரிந்தன. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். தையல் போட்ட இடம் லேசாக வலித்தது. மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது, அது பாட்டுக்கு.

"பையைக் கொடு" என்று நாத்தனாரின் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவா வா."